வாங்கும் விலை இருக்கட்டும், விற்கும் விலை என்ன?
தங்கக் கட்டியும் வெள்ளிக் கட்டியும் முதல் தடவை வாங்குபவர்களுக்கு ஒரு பாடம்

இந்த மாத வகுப்புக்குத் தங்கம், வெள்ளி பற்றி ஒரு பாடம் எழுதித் தரும்படி கேட்டார்கள். நகையைப் பற்றி இல்லை. சேமிப்புக்காக வாங்கும் கட்டி, காசு பற்றி.

நம்மில் பல பேர் இப்போதுதான் சம்பாதிக்க ஆரம்பித்திருக்கிறோம். சிலர் பகுதி நேர வேலை, சிலர் வேலைப் பயிற்சி, சிலர் முதல் முழு நேர வேலை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் வீட்டில் வரும் முதல் யோசனை, "தங்கம் வாங்கி வைப்பா, கைவிடாது" என்பதுதான். ஆனால் எந்தத் தங்கம், எத்தனை கிராம், எங்கே, என்ன கேட்டு வாங்குவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. இந்தப் பாடம் அதற்குத்தான்.

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். முதலீட்டு ஆலோசகர் இல்லை. நாளைக்கு விலை ஏறுமா இறங்குமா என்று நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே இருங்க. எடை, சுத்தம், கழிவு, இந்த மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி என்று மட்டும் சொல்கிறேன். அதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும்.

1. முதலில் சில அளவுகள்

ஒரு சின்ன எச்சரிக்கை. நம் ஊர்ப் பேச்சில் "பத்து வெள்ளி" என்றால் பத்து ரிங்கிட். ஒரு காலத்தில் இங்கே புழங்கிய டாலர் வெள்ளி நாணயம். நாணயம் போய்விட்டது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. குழப்பம் வராமல் இருக்க, இந்தப் பாடத்தில் வெள்ளி என்றால் உலோகம் மட்டும். காசை ரிங்கிட் என்றே எழுதுகிறேன்.

எடை: உலகச் சந்தையில் தங்கமும் வெள்ளியும் "டிராய் அவுன்ஸ்" கணக்கில் விலை போகின்றன. ஒரு டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம். சமையல் பொருளுக்குச் சொல்லும் அவுன்ஸ் சுமார் 28.35 கிராம்தான். இரண்டும் வேறு. நம் வீடுகளில் சொல்லும் ஒரு பவுன் 8 கிராம்.

சுத்தம்: 999 என்றால் ஆயிரத்தில் 999 பங்கு சுத்தத் தங்கம். 999.9 என்றால் பத்தாயிரத்தில் 9,999 பங்கு. நகையில் பார்க்கும் 916 என்பது 22 காரட். 24இல் 22 பங்கு, அதாவது நூற்றுக்கு 91.6. மீதி செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள். சுத்தத் தங்கம் ரொம்ப மிருதுவாக இருக்கும். நகை தேயாமல் நிற்க இந்தக் கலப்பு வேண்டும். அது ஏமாற்று இல்லை.

ஆகவே ஒரு பவுன் 916 சங்கிலியில் இருக்கும் சுத்தத் தங்கம் 8 × 0.916 = 7.33 கிராம். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பிறகு தேவைப்படும்.

2. தங்கம் நம் வீட்டில் என்ன வேலை செய்கிறது?

எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது பதிவுக் கட்டணம், விடுதி, மடிக்கணினி என்று எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நின்றது. கல்விக் கடன் கைக்கு வர நாளாகும். அம்மா தன்னுடைய இரண்டு பவுன் சங்கிலியை எடுத்துக்கொண்டு போய், அடகுக் கடையில் 2,500 ரிங்கிட் வாங்கி வந்தாங்க. வீட்டில் இதற்காக யாரும் அழவில்லை. "அதுக்குத்தானே வச்சிருக்கேன்" என்றுதான் சொன்னாங்க.

மலேசியச் சட்டப்படி அடகுக் கடை வாங்கக்கூடிய வட்டி மாதத்துக்கு 2 விழுக்காடு வரை. 2,500க்கு மாதம் 50 ரிங்கிட். ஐந்து மாதத்தில் மீட்டோம், வட்டி 250 ரிங்கிட். மீட்க ஆறு மாதத் தவணை உண்டு என்பதால் சங்கிலி திரும்பி வந்தது. தவணை தாண்டியிருந்தால் போயிருக்கும்.

இதை நான் சோகக் கதையாகச் சொல்லவில்லை. அந்தச் சங்கிலி செய்த வேலையைக் கவனியுங்க. அது யாரையும் பணக்காரர் ஆக்கவில்லை. ஒரு அவசரத்தில், ஒரே நாளில், யாரிடமும் கைநீட்டாமல் காசாக மாறியது. நம் பாட்டிமார் தோட்டத்தில் மரம் வெட்டின காலத்திலேயே குருவி சேர்ப்பது மாதிரி தோடும் மூக்குத்தியுமாகச் சேர்த்ததற்குக் காரணம் இதுதான். பேங்க் கணக்கு இல்லாத பெண்ணுக்குக் காதில் கிடந்த தோடுதான் கணக்கு.

அப்படியென்றால் தங்கத்தைச் சேமிப்பாக வாங்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, "இது எவ்வளவு?" இல்லை. "இதை இன்றைக்கே உங்களிடம் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு தருவீங்க?" என்பதுதான். இந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

3. வித்தியாசத்தைக் கணக்குப் போடுங்க

கடை விற்கும் விலை ஒன்று, திரும்ப வாங்கும் விலை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் உங்களுடைய உண்மையான செலவு. தங்கம் வாங்கிய நிமிடமே அந்தத் தொகை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்க.

கீழே வருவது கணக்குப் பழக நானே எடுத்துக்கொண்ட எண்கள். சந்தை விலை இல்லை. சுத்தத் தங்கம் கிராமுக்கு 500 ரிங்கிட், வெள்ளி கிராமுக்கு 6 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம்.

அ) 10 கிராம் கட்டி ஒன்று. விற்பது 5,200, திரும்ப வாங்குவது 4,900. வித்தியாசம் 300.

ஆ) 1 கிராம் கட்டி பத்து. ஒன்று 550 வீதம் 5,500. திரும்ப வாங்குவது 4,900. வித்தியாசம் 600.

இ) 10 கிராம் 916 சங்கிலி. தங்கத்தின் மதிப்பு 4,580, செய்கூலி 600, மொத்தம் 5,180. திரும்ப வாங்குவது 4,300. வித்தியாசம் 880.

ஈ) 1 கிலோ வெள்ளிக் கட்டி. விற்பது 6,800, திரும்ப வாங்குவது 5,800. வித்தியாசம் 1,000.

இப்போது ஒவ்வொன்றிலும் நீங்கள் போட்ட காசு திரும்பி வர விலை எவ்வளவு ஏற வேண்டும்? கொடுத்ததைத் திரும்பக் கிடைப்பதால் வகுத்துப் பாருங்க. அ-வுக்கு 6.1 விழுக்காடு. ஆ-வுக்கு 12.2. இ-க்கு 20.5. ஈ-க்கு 17.2. நான்குமே ஏறத்தாழ ஒரே மாதிரித் தொகைதான். ஆனால் தொடங்கும் இடம் எவ்வளவு பின்னால் என்று பாருங்க.

சங்கிலி வாங்கவே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. சங்கிலியைக் கழுத்தில் போடலாம், கட்டியைப் போட முடியாது. செய்கூலி என்பது பொற்கொல்லரின் உழைப்புக்குக் கொடுக்கும் காசு. போட்டுக்கொள்ள வாங்கினால் அது நியாயமான செலவு. அதையே "முதலீடு" என்று சொல்லிக்கொண்டு வாங்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

4. கட்டியா, காசா, எத்தனை கிராம்?

கட்டியின் எடை கூடக்கூட, கிராமுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை குறையும். 1 கிராம் கட்டியைச் செய்யவும் பரிசோதிக்கவும் அட்டையில் அடைத்து எண் போடவும் ஆகும் வேலை, 10 கிராம் கட்டிக்கும் கிட்டத்தட்ட அதேதான். அந்தக் கூலி சின்ன எடையில் பெரிதாகத் தெரிகிறது.

பெரிதாக ஒன்றே ஒன்று வாங்கினாலும் ஒரு சிக்கல் உண்டு. 50 கிராம் கட்டியில் இருந்து 5 கிராமை மட்டும் வெட்டி விற்க முடியாது. அவசரத்துக்கு 2,000 ரிங்கிட் வேண்டுமென்றாலும் முழுசையும் விற்க வேண்டும். ஆகவே நம்மைப் போன்ற தொடக்கக்காரர்களுக்கு 5 கிராம், 10 கிராம் அளவு நடுத்தரமானது என்பது என் கருத்து. மாதம் 200 ரிங்கிட் ஒதுக்க முடிந்தால், அவசரப்பட்டு ஒவ்வொரு கிராமாக வாங்காமல் பேங்கிலேயே சேர்த்து வைத்து, 5 கிராம் அளவு வந்ததும் வாங்குங்க.

காசு என்று வரும்போது நம் நாட்டுக்கே ஒன்று இருக்கிறது. பேங்க் நெகாரா மலேசியா 2001இல் வெளியிட்ட "கீஜாங் ஏமாஸ்". ஒரு பக்கம் கீஜாங் மான், மறுபக்கம் செம்பருத்தி. சுத்தம் 999.9. ஒரு அவுன்ஸ், அரை அவுன்ஸ், கால் அவுன்ஸ் என்று மூன்று எடை. விற்கும் விலையையும் திரும்ப வாங்கும் விலையையும் பேங்க் நெகாரா தன் இணையப் பக்கத்தில் போடுகிறது. வாங்காவிட்டாலும் அந்த இரண்டு எண்களையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்க. வேறு கடையில் பேசும்போது ஒப்பிட ஒரு அளவுகோல் கிடைக்கும்.

கால் அவுன்ஸ் கீஜாங் 7.78 கிராம். முன்பு ஞாபகம் வைக்கச் சொன்ன எண் என்ன? ஒரு பவுன் 916இல் 7.33 கிராம். அதாவது பார்ப்பதற்குச் சின்னதாக இருக்கும் அந்தக் காசில் ஒரு பவுன் சங்கிலியைவிடக் கூடுதல் தங்கம் இருக்கிறது. அதன் மேல் 50 ரிங்கிட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது சட்டப்படியான முக மதிப்பு. தங்கத்தின் விலை வேறு.

சாமி படம் போட்ட கட்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தின் பாம்ப் நிறுவனம் மகாலட்சுமி உருவம் பொறித்த கட்டிகள்கூடச் செய்கிறது. தீபாவளிக்குப் பூஜையில் வைக்க அழகாக இருக்கும். ஆனால் விற்கும்போது கடைக்காரர் எடை, சுத்தம், அட்டை, யார் செய்தது என்றுதான் பார்ப்பார். படத்துக்காகக் கொடுத்த கூடுதல் காசு திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம். அட்சய திருதியை அன்று கடையில் நிற்கும் கூட்டத்துக்கும் இதே கணக்குத்தான். மங்கலத்துக்கு ஒரு குண்டுமணி அளவு அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம். கனமாக வாங்குவதை, நிதானமாக நாலு கடை ஏறி இறங்க முடிகிற ஒரு சாதாரண நாளில் வைத்துக்கொள்ளுங்க. லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

சிங்கப்பூரில் படிக்கும், வேலை செய்யும் நண்பர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கே 2012 அக்டோபர் 1 முதல் முதலீட்டுத் தரமான உலோகங்களுக்குப் பொருள் சேவை வரி கிடையாது. தங்கம் குறைந்தது 99.5 விழுக்காடு, வெள்ளி 99.9 விழுக்காடு சுத்தமாக இருக்க வேண்டும். 916 நகை அந்தச் சலுகைக்குள் வராது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகரண்ட் புகழ்பெற்ற தங்கக் காசுதான், ஆனால் அது 22 காரட் என்பதால் அதுவும் அந்த அளவை எட்டாது. வரி இப்போது 9 விழுக்காடு என்பதால் இது சின்ன வித்தியாசம் இல்லை.

5. வெள்ளி: விலை குறைவு, ஆனால் எளிது இல்லை

"தங்கம் எட்டாது, அதனால் வெள்ளி வாங்குறேன்" என்று பல நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கலாம். மூன்று விஷயங்களை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்க.

முதலாவது, இடம். தங்கத்தின் அடர்த்தி ஒரு கன செண்டிமீட்டருக்கு 19.3 கிராம், வெள்ளிக்கு 10.49. நம் உதாரண விலையில் 5,000 ரிங்கிட்டுக்குத் தங்கம் 10 கிராம், அதாவது அரை கன செண்டிமீட்டர், ஒரு புளியங்கொட்டை அளவு. அதே காசுக்கு வெள்ளி 833 கிராம், சுமார் 79 கன செண்டிமீட்டர். பத்து வருடம் சேர்த்தால் வெள்ளிக்கு ஒரு தனி அலமாரி தேவைப்படும்.

இரண்டாவது, ஆட்டம். வெள்ளி பாதி நகை உலோகம், பாதி தொழிற்சாலை உலோகம். சூரியசக்தித் தகடு, மின்னணுச் சாதனங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. தொழில் மந்தமானால் வெள்ளிக்கும் காய்ச்சல் வரும். ஒரு அவுன்ஸ் தங்கத்தின் விலைக்கு எத்தனை அவுன்ஸ் வெள்ளி கிடைக்கும் என்று ஒரு விகிதம் பார்ப்பார்கள். 2011 ஏப்ரலில் அது சுமார் 32. 2020 மார்ச்சில் 120ஐத் தாண்டியது. அவ்வளவு ஆட்டம்.

மூன்றாவது, கறுப்பு. காற்றில் உள்ள கந்தகம் பட்டு வெள்ளியின் மேல் வெள்ளி சல்ஃபைடு படியும். நம் வீட்டுக் குங்குமச் சிமிழும் விளக்கும் கறுப்பது அதனால்தான். விளக்கை விபூதி போட்டுத் தேய்க்கலாம். சேமிப்புக்கு வாங்கிய காசைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மேற்பரப்பில் கீறல் விழும், திரும்ப வாங்குபவர் விலையைக் குறைப்பார்.

கொலுசு, கிண்ணம், தட்டு இவற்றைச் சேமிப்பில் சேர்க்காதீங்க. 925 முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று தெரியும். முத்திரையே இல்லாத பொருளில் எவ்வளவு வெள்ளி என்பது உருக்கினால்தான் தெரியும்.

6. அசலா, போலியா?

இந்தப் பகுதி எனக்குப் பிடித்தது. வீட்டிலேயே செய்யலாம்.

காந்தம்: தங்கமும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் போலி. ஆனால் ஒட்டாவிட்டால் அசல் என்று முடிவு கட்டாதீங்க. செம்பும் ஈயமும்கூட ஒட்டாது.

பனிக்கட்டி: உலோகங்களில் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. வெள்ளிக் கட்டிமேல் வைத்த பனிக்கட்டி சட்டென உருகும். ஆனால் செம்பும் அதற்கு மிக நெருக்கத்தில் வருகிறது. வெள்ளி முலாம் பூசிய செம்பு இந்தச் சோதனையில் தப்பித்துவிடும்.

அடர்த்தி: இதுதான் நல்ல சோதனை. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வேண்டும். முதலில் பொருளை உலர்ந்த நிலையில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்க. பிறகு ஒரு குவளைத் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்க. பொருளை மெல்லிய நூலில் கட்டி, முழுசும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்க. இப்போது தராசு காட்டும் கிராம் எண்தான் பொருளின் கன அளவு. ஆர்க்கிமிடிஸ் சொன்ன அதே தத்துவம். எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி.

ஒரு அவுன்ஸ் வெள்ளிக் காசு 31.10 கிராம். தண்ணீரில் 2.96 காட்ட வேண்டும். உள்ளே செம்பாக இருந்தால் 3.47 வரை போகும். ஈயமாக இருந்தால் 2.74. வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

ஆனால் சோதனைக்கும் எல்லை உண்டு. 1 கிராம் தங்கத்தின் கன அளவு 0.05 மட்டுமே. 0.01 வரை காட்டும் தராசில் இதை அளந்தால் பிழையே ஐந்தில் ஒரு பங்கு. அந்த முடிவை நம்ப முடியாது. இன்னொன்று, டங்ஸ்டன். அதன் அடர்த்தி 19.25, தங்கத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. உள்ளே டங்ஸ்டன் வைத்த போலிக் கட்டியைத் தண்ணீர் காட்டிக் கொடுக்காது. கடையில் வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவி மேல்பரப்பைத்தான் படிக்கும். ஒலி அலைக் கருவி மாட்டும், ஏனென்றால் டங்ஸ்டனில் ஒலி தங்கத்தில் போவதைவிட வேகமாகப் போகும். அந்தக் கருவி நம் வீட்டில் இல்லை.

அதனால்தான் யாரிடம் வாங்குகிறோம் என்பதே முதல் சோதனை. முத்திரை அட்டையில் அடைத்த கட்டியை இந்தச் சோதனைக்காகப் பிரிக்கவும் வேண்டாம். பிரித்த கட்டிக்குத் திரும்ப வாங்கும் விலை குறையலாம். முகம் தெரியாதவர் கைப்பேசியில் "சந்தை விலையைவிடக் குறைவு" என்று அனுப்பினால், கேள்வி ஒன்றுதான். கடையில் போய் விற்றாலே நல்ல விலை கிடைக்கும் பொருளை அவர் ஏன் உங்களுக்குக் குறைத்துத் தருகிறார்?

7. "தங்கம் இறங்கவே இறங்காது" என்பது உண்மையா?

இல்லை. 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸ் 850 அமெரிக்க டாலரைத் தொட்டது. அந்த விலையை மறுபடி தாண்டியது 2008 ஜனவரியில். இருபத்தெட்டு வருடம். உச்சத்தில் வாங்கிய ஒருவர் அத்தனை காலம் காத்திருந்தார், அதுவும் பணவீக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல். வெள்ளி அதே 1980இல் 50 டாலர் பக்கம் போனது. ஹன்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்த கதை. மார்ச் 27ஆம் தேதி ஒரே நாளில் சரிந்து 11 டாலருக்கும் கீழே வந்தது. 2011இல் மறுபடி 49 டாலரைத் தொட்டு, 2015 கடைசியில் 14 டாலர் பக்கம் இறங்கியது.

அப்படியென்றால் நம் பெரியவர்கள் சொன்னது பொய்யா? அதுவும் இல்லை. அவர்கள் பார்த்தது ரிங்கிட் விலையை. 1997 தொடக்கத்தில் தங்கம் அவுன்ஸ் சுமார் 350 டாலர், ஒரு டாலர் சுமார் 2.50 ரிங்கிட். பெருக்கினால் 875 ரிங்கிட். ஒரு வருடம் கழித்து, ஆசிய நிதி நெருக்கடி நடுவில், தங்கம் சுமார் 285 டாலருக்கு இறங்கியிருந்தது. ஆனால் டாலர் 4.40 ரிங்கிட் பக்கம் ஏறியிருந்தது. பெருக்கினால் 1,254 ரிங்கிட். உலகத்தில் தங்கம் விழுந்தது, நம் ஊரில் ஏறியது. அந்த வருடத்தை வாழ்ந்து கடந்தவர்கள் தங்கத்தை நம்புவதில் நியாயம் இருக்கிறது.

இரண்டு வரலாற்றையும் சேர்த்துப் படியுங்க. அடுத்த வருடம் கட்ட வேண்டிய கட்டணத்தைத் தங்கத்தில் போடக் கூடாது. பத்து வருடம் தொடாமல் வைக்கக்கூடிய காசின் ஒரு பகுதியைப் போடலாம்.

8. மாதா மாதம் லாபம் தரும் தங்கம்

போன வருடம் கோயிலில் பழக்கமான ஒரு அக்கா வீட்டுக்கு வந்தாங்க. தங்கம் வாங்கி அவர்களிடமே கொடுத்து வைத்தால் மாதம் 2 விழுக்காடு தருவார்களாம். அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. தங்கைக்குச் சேர்த்து வைத்திருந்த 8,000 ரிங்கிட்டை எடுக்கவும் தயார். பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசுவது நம் வீட்டுப் பழக்கம் இல்லை. அக்கா போன பிறகு ஒரு தாளை எடுத்து அம்மாவோடு உட்கார்ந்தேன். "அம்மா, பெட்டியில இருக்கிற தங்கம் குட்டி போடுமா?" என்று கேட்டேன். சிரிச்சாங்க. "அப்ப மாசா மாசம் தர்ற 160 ரிங்கிட் எங்கேருந்து வருது?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "புதுசா சேர்றவங்க காசா?" என்று அவங்களே கேட்டாங்க. அத்தோடு முடிந்தது. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அதைவிடச் சிரமமாக இருந்தது. "தம்பி படிப்புச் செலவு இருக்கு" என்று அம்மா சமாளிச்சாங்க.

இது புதுக் கதை இல்லை. 2012 அக்டோபரில் பேங்க் நெகாராவும் மற்ற அமலாக்கத் துறைகளும் சோதனையிட்ட ஜென்னீவா மலேசியா நிறுவனத்தின் திட்டமும் தங்கம் வாங்குபவர்களுக்கு மாத வருமானம் தருவதாகத்தான் ஓடியது. பல்லாயிரம் பேர் மாட்டிக்கொண்டார்கள். பேங்க் நெகாராவும் பங்கு பரிவர்த்தனை ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல்கள் வெளியிடுகின்றன, சிங்கப்பூரில் நாணய வாரியம் வெளியிடுகிறது. பெயர் இருக்கிறதா என்று பாருங்க. பட்டியலில் இல்லாவிட்டாலும் சரி, சும்மா கிடக்கும் தங்கத்துக்கு மாத வருமானம் என்றாலே எழுந்து வந்துவிடுங்க.

பேங்குகளின் தங்கச் சேமிப்புக் கணக்கு வேறு. அது முறையான சேவை. சின்னத் தொகையில் தொடங்கலாம், பூட்டி வைக்கும் கவலை இல்லை. ஆனால் கையில் தங்கம் வராது, கணக்கில் எண்தான் இருக்கும். சாதாரண வைப்புத் தொகைக்கு இருக்கும் பிஐடிஎம் காப்புறுதி தங்கக் கணக்குக்குக் கிடையாது. தெரிந்து சேருங்க.

9. கடைக்குப் போகும் முன்

முதலில் மூன்று மாதச் செலவுக்கான காசு பேங்கில் இருக்கட்டும். கடன் அட்டை பாக்கி இருந்தால் அதைக் கட்டுங்க. வருடம் 15 முதல் 18 விழுக்காடு வட்டி கட்டிக்கொண்டு தங்கம் வாங்குவது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது. தவணை முறையிலும் வாங்க வேண்டாம்.

கடையில் நான்கு கேள்வி கேளுங்க. சுத்தம் எவ்வளவு, யார் செய்தது? இன்றைக்கு விற்கும் விலை என்ன? இன்றைக்கே திருப்பிக் கொடுத்தால் என்ன விலை? வேறு கடையில் வாங்கியதையும் எடுப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு எண் சொல்லாமல் மழுப்பினால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்க. கூச்சப்பட வேண்டாம், நம் அம்மாக்கள் கத்தரிக்காய்க்கே பத்து கேள்வி கேட்கிறார்கள்.

ரசீதில் எடை, சுத்தம், கட்டியின் எண் மூன்றும் இருக்க வேண்டும். படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்க. அந்தப் படத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீங்க. தைப்பூசத்துக்கு வீடே கிளம்பும் நாளை ஊருக்கே சொல்லிவிட்டு, வீட்டில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டாம். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது உங்களைத் தவிர வீட்டில் இன்னும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போய், பழைய அலமாரியோடு தங்கமும் குப்பைக்குப் போய்விடக் கூடாது.

10. வகுப்பில் செய்ய

அ) மூன்று பேர் கொண்ட குழுவாகப் பிரியுங்க. ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துக்குள் மூன்று இடங்களில் 10 கிராம் 999 கட்டிக்கான விற்கும் விலை, திரும்ப வாங்கும் விலை இரண்டையும் ஒரே நாளில் கேட்டு வரட்டும். எத்தனை விழுக்காடு ஏறினால் காசு திரும்பும் என்று கணக்குப் போட்டுப் பலகையில் எழுதுங்க.

ஆ) 916 சங்கிலி 12 கிராம். அதில் சுத்தத் தங்கம் எவ்வளவு? அதே அளவு தங்கத்துக்கு எத்தனை கால் அவுன்ஸ் கீஜாங் காசு வேண்டும்?

இ) வீட்டில் உள்ள ஒரு பழைய வெள்ளிப் பொருளை, பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி பாருங்க. 10.49க்கும் உங்கள் எண்ணுக்கும் ஏன் வித்தியாசம்?

ஈ) கலந்து பேச: உங்கள் வீட்டில் தங்கம் கடைசியாக எப்போது, எதற்காகக் காசாக மாறியது? வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் கேட்டு வாருங்க. சொல்ல விருப்பம் இல்லாதவர்களை வற்புறுத்த வேண்டாம்.